கணிப்பொறியும் பொறியாளர் கணக்கும்

பொறியியல் கல்வியில் கணிப்பொறிக்கு உரிய இடம் யாது என்னும் வினா, ஜொகூரில் வாழும் நமக்கு அயலார் வினா அன்று. கோலாலம்பூரில் 1904இல் தோன்றிய தொழில்நுட்பப் பள்ளியைத் தன் தொடக்கமாகக் கொண்டு, 1975இல் இன்றைய பெயரைப் பெற்ற மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நம் ஸ்கூடாயில் அமைந்துள்ளது. தமிழ்ப்பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் பயின்ற பிள்ளைகளும் அங்கே சென்று, கட்டடங்களின் வலிமையைத் திரையில் கணக்கிடக் கற்கின்றனர். அக்கல்வியை எடைபோட உதவும் நூல் ஒன்று உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் ஹென்றி பெட்ரோஸ்கி 1985இல் வெளியிட்ட ‘டு எஞ்சினியர் இஸ் ஹியூமன்’ என்பதே அது.

அந்நூலின் ஓர் இயல், பொறியாளர் ஸ்லைடு ரூலைக் கைவிட்டுக் கணிப்பொறியைக் கைக்கொண்ட வரலாற்றை ஆராய்கிறது. ஸ்லைடு ரூல் என்னும் நகரும் அளவுகோல் மூன்று இலக்கங்களுக்கு மேல் நம்பத்தக்க விடை தருவதில்லை. புள்ளி எங்கே விழும் என்பதையும் சொல்வதில்லை. விடை முப்பதா, முந்நூறா, மூவாயிரமா என்பதைக் கணக்கிடுபவரே தம் அறிவால் துணிய வேண்டும். அக்குறையே அவருக்குப் பயிற்சியாயிற்று. கணிப்பொறியோ பத்து இலக்கங்களை அடுக்கித் தருகிறது. அவற்றைக் கண்டவர், இலக்கம் மிகுந்தால் உண்மையும் மிகும் என மயங்குகின்றார். இதுவே பெட்ரோஸ்கியின் அச்சம்.

அவ்வச்சம் வீண் அன்று. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரத்து விளையாட்டரங்கின் கூரை, கணிப்பொறியின் துணைகொண்டு வடிவமைக்கப்பட்டது. 1978 சனவரி 18ஆம் நாள் விடியுமுன் பனியின் பாரம் தாங்காது அது வீழ்ந்தது. சில மணி நேரத்திற்கு முன்னர் அதன்கீழ் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் பந்தாட்டம் கண்டிருந்தனர். அழுத்தம் தாங்கும் எஃகு உறுப்புகளுக்கு நடுவில் போதிய பிடிப்பு உண்டு எனக் கணக்கில் கொண்டிருந்தனர்; கட்டப்பட்ட கூரையில் அத்தகைய பிடிப்பு இல்லை. கூரையை ஏற்றியபோதே அது கணக்கிட்டதைப் போல் இருமடங்கு தாழ்ந்ததைக் கண்டும், வடிவமைத்தோர் தம் கணக்கையே நம்பினர். கண்ணெதிரே நின்ற எஃகைக் காட்டிலும் தாளில் நின்ற எண் பெரிதாயிற்று.

இதுவரை நூலாசிரியரோடு நமக்குப் பிணக்கில்லை. ஆயினும், இவ்வியலை மட்டும் படிப்பவர், கையால் கணக்கிட்ட காலம் காவலான காலம் என்றும், பிழை பொறியோடு வந்தது என்றும் எண்ணிவிடக் கூடும். அவ்வெண்ணத்தை மறுக்கும் சான்றை நாம் தொலைவில் தேட வேண்டுவதில்லை. ஜொகூர் நீரிணையைத் தாண்டினால் போதும். சிங்கப்பூரில் 1971இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரு கட்டடம் 1986 மார்ச்சு 15ஆம் நாள் இடிந்து வீழ்ந்தது. நியூ வேர்ல்டு ஓட்டல் இருந்த கட்டடம் அது. முப்பத்து மூவர் மாண்டனர். வடிவமைப்பில் கட்டடத்தின் சொந்த எடையே சேர்க்கப்படவில்லை என்பதை விசாரணை வெளிப்படுத்தியது. மேசைதோறும் கணிப்பொறி அமர்ந்திராத காலத்துப் பிழை அது!

பொறி மலிந்த காலத்திற்கு வருவோம். நம் நாட்டில் திரெங்கானு மாநிலத்து விளையாட்டரங்கின் எஃகு வலைக்கூரை, திறந்து ஓராண்டளவில், 2009 சூன் 2ஆம் நாள் சரிந்தது. ஆராய்ந்த குழுவினர் பொருளிலும் பணியிலும் குறை கண்டனர். அவற்றோடு, கூரையைத் தாங்கும் இடங்களின் நிலையை வடிவமைப்பு முழுமையாகக் கருதவில்லை என்பதையும் சுட்டினர்.

இம்மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்கின் உண்மை புலப்படும். கூட்டலும் பெருக்கலும் பிழைத்தமையால் வந்த கேடு அன்று இது. கருத வேண்டியதைக் கருதாமையே ஒவ்வொன்றிலும் கேட்டிற்கு இடந்தந்தது. கணித்தல் வேறு, கருதுதல் வேறு. முன்னதைப் பொறியிடம் ஒப்படைக்கலாம். பின்னதை ஒப்படைக்க இயலாது. ஒரு காலத்தில் இப்பொறியை ‘மின்மூளை’ என வழங்கினோர் உண்டு. அப்பெயர் வழக்கொழிந்தது நன்றே. கணிப்பொறி என்பதே அதன் தொழிலுக்கு ஏற்ற பெயர்.

ஆகவே, கையால் கணக்கிடும் பழைய முறைக்கே திரும்புக என்று கூறுதல் பொருந்தாது. ஜொகூர்பாருவில் இன்று எழும் உயர்மாடிகளைக் காற்று எவ்வாறு அசைக்கும் என்பதை ஸ்லைடு ரூல் கொண்டு நுணுகிக் காண்பது அரிது. வேண்டுவது யாதெனில், பொறியைத் தொடுமுன் மாணவர் தம் குத்துமதிப்பை ஒரு தாளில் எழுதுதல். பொறி விடை தந்தபின் இரண்டும் எங்கே வேறுபடுகின்றன, ஏன் வேறுபடுகின்றன என்று தம் சொற்களால் விளக்குதல். அவ்விளக்கத்திற்கே மதிப்பெண் மிகுதியாக வழங்க வேண்டும்.

இஃது அரிய வித்தை அன்று. ஆறு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், பதினைந்து சென்டிமீட்டர் கனம் உள்ள காங்கிரீட் தளத்தின் பருமன் 3.6 கனமீட்டர். ஒரு கனமீட்டர் காங்கிரீட்டின் எடை ஏறத்தாழ 2.4 டன். எனவே தளத்தின் எடை மட்டுமே ஒன்பது டன்னை நெருங்குகிறது. அத்தளத்தைத் தாங்குபவை ஏற்கும் மொத்தப் பாரம் ஐந்து டன் என்று திரை காட்டினால், ஆறாம் வகுப்புப் பிள்ளையும் ‘இது தவறு’ என்று சொல்லிவிடலாம். சிங்கப்பூரில் விடுபட்டது இத்தகைய எடைதான்.

பொறியியல் பட்டங்களை நாடுகள் தமக்குள் ஒப்புக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் மலேசியா 2009இல் முழு உறுப்பு நாடாயிற்று. புதிய கருவிகளைக் கையாளும் திறத்தோடு, அவற்றின் எல்லைகளை உணரும் அறிவும் பட்டதாரிக்கு வேண்டும் என்பது அவ்வுடன்படிக்கை வகுத்த தகுதிகளுள் ஒன்று. முதற்பகுதியைத் தேர்வில் அளத்தல் எளிது. திரையில் விடை வந்தால் போதும். இரண்டாம் பகுதியை அளக்க, மாணவரைப் பேசவும் எழுதவும் செய்தல் வேண்டும்.

இங்கேதான் தமிழாசிரியர்க்கும் பங்குண்டு. ‘விடை என்ன?’ என்பதோடு நில்லாமல், ‘எதைக் கொண்டு இவ்விடைக்கு வந்தாய்?’ என்று கேட்கும் பழக்கம் தொடக்கப்பள்ளியிலேயே வேரூன்ற வேண்டும். தான் கருதியதைத் தாய்மொழியில் தெளிவாகச் சொல்லப் பழகிய பிள்ளை, பின்னாளில் திரையின் முன் அமரும்போதும் அக்கேள்வியைத் தன்னிடமே கேட்கும். கட்டடத்தின்கீழ் நடமாடுவோர்க்கு அதனினும் பெரிய காவல் வேறில்லை.