ஆற்றைக் கடந்தவர்கள் யார்?

வால்டர் சால்ஸின் 'மோட்டார் சைக்கிள் டயரீஸ்' (2004) படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தேன். முதற்தடவை என்னைக் கலங்கவைத்த காட்சியே இம்முறை உறுத்தியது.

1952 ஜூன் 14. பெரு நாட்டின் அமேசன் கரையில் சான் பாப்லோ தொழுநோய்க் குடியிருப்பு. அன்று 24 வயதை எட்டிய மருத்துவ மாணவன் ஏர்னெஸ்டோ குவேரா, மறுகரையிலுள்ள நோயாளருடன் பிறந்தநாளைக் கொண்டாடவென இருளில் ஆற்றில் குதித்து நீந்துகிறான். ஆஸ்துமாக்காரன். கரையில் நோயாளர் ஆரவாரிக்கிறார்கள்.

குவேராவின் பயணக் குறிப்புகளில் அந்தப் பிறந்தநாள் இரவுக்கு இப்படியொரு நீச்சல் இல்லை. குடியும் நடனமும், இலத்தீன் அமெரிக்கா ஒன்றே என்ற சிற்றுரையும்தான் உண்டு. நோயாளர் பிரியாவிடை சொல்லத் தாமே படகேறி வருகிறார்கள். அக்கோர்டியன் வாசிப்பவருக்கு வலக்கையில் விரல்கள் இல்லை. மணிக்கட்டில் கட்டிய குச்சிகளால் வாசிக்கிறார். பாடுபவருக்குப் பார்வையில்லை. ஆக, எழுத்தில் ஆற்றுவழியே வருபவர்கள் நோயாளர். படத்தில் கடப்பவன் நாயகன். நோயாளர் பார்வையாளராகிவிடுகின்றனர்.

கையுறை விடயமும் இப்படித்தான். படத்தில் அதை மறுப்பது கன்னியாஸ்திரிகளுக்கு எதிரான கலகம். ஆனால் குவேராவுடன் சென்ற அல்பேர்ட்டோ கிரனாடோ ஏற்கெனவே தொழுநோய் வைத்தியசாலையில் பணியாற்றியவர். இலிமாவில் அவர்களை வரவேற்ற ஊகோ பெஷே தொழுநோய் நிபுணர், மார்க்சியவாதி. கைகுலுக்குவதால் இந்நோய் தொற்றிவிடாது என்பது இவர்களுக்குத் தெரியும். தோலில் தெரிந்தாலும் நரம்பைத் தாக்கும் இந்நோய்க்குக் காரணமான கிருமியை ஹான்சன் கண்டது 1873இல். 1940களிலேயே சல்போன் மருந்துகள் வந்துவிட்டன. வெறுங்கை நீட்டியது தியாகமல்ல, அறிவு. அதைத் தியாகமாக்கும்போது, தொடுவது ஆபத்து என்ற பழைய பயத்தையே படம் காப்பாற்றுகிறது.

படத்தின் கலைநேர்த்தியை நான் மறுக்கவில்லை. நிஜத்தை அப்படியே எடு என்றும் கேட்கவில்லை. மாற்றம் யாருக்குச் சாதகமாக நிகழ்கிறது என்பதே என் கேள்வி.

இக்கேள்வி எங்களுக்குப் புதிதல்ல. மட்டக்களப்பு வாவியிலும் மாந்தீவு என்றொரு தொழுநோய்த் தீவு இருந்தது. அங்கு வாழ்ந்தவர்களைப் பற்றி எங்கள் இலக்கியம் எவ்வளவு பேசியது? பேசியபோதும் அவர்கள் பேசினார்களா, அல்லது எங்கள் இரக்கம் பேசியதா? பாதிக்கப்பட்டோருக்காகப் பேனா பிடிக்கும் நாங்கள், எங்கள் நீச்சலை வர்ணிப்பதைச் சற்று நிறுத்தி, அந்தக் குச்சிகள் கட்டிய கையின் வாசிப்பைக் கேட்கலாம்.