ஆயிரம் தடவையும் நூறு பேரும்

2024ஆம் ஆண்டு முதல் ஸ்பாட்டிஃபை ஒரு விதியை நடைமுறைப்படுத்தி வருகிறது. முந்தைய பன்னிரண்டு மாதங்களில் குறைந்தது 1,000 தடவை கேட்கப்படாத பாடலுக்கு, ஒலிப்பதிவுக்குரிய பங்குத்தொகை கிடையாது. அந்தப் பணம் எல்லையைத் தாண்டிய பாடல்களுக்குப் போய்விடும். தொகையாகப் பார்த்தால் இழப்பு சிறியதுதான். ஆயிரம் தடவைக்குக் கிடைப்பது சில நூறு ரூபாயைத் தாண்டாது. ஆனால் தானே எழுதி, தானே மெட்டமைத்து, வீட்டு அறையிலேயே பதிவுசெய்து வெளியிடும் ஒருவருக்கு இந்த விதி சொல்லும் சேதி கடுமையானது. பாட்டுக் கட்டினால் மட்டும் போதாது, அதற்கு ஆளும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் அந்தப் பாட்டு கணக்கிலேயே வராது.

சினிமாவுக்கு வெளியே இயங்கும் தமிழ்ப் பாடலாசிரியருக்குச் சுயவிளம்பரம் இப்படித்தான் இரண்டாவது வேலையாகிவிட்டது. பாட்டு வரும் முன்னே துணுக்குக் காணொளிகள், வந்த பின்னே நாள்தோறும் ரீல்ஸ், இடையில் காசு கட்டிப் பூஸ்ட், பிளேலிஸ்ட் நடத்துபவர்களுக்கு விண்ணப்பங்கள். இதை வியாபாரப் புத்தி என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. விடாமல் போட்டுக்கொண்டிருந்தால் ஒருநாள் வைரல் ஆகும் என்று நம்புகிறவர்களும் உண்டு. இரண்டு பேச்சும் கையில் காசில்லாத கலைஞருக்கு உதவாது. இந்தப் பழக்கத்தில் எது அவரை வளர்க்கிறது, எது அவருடைய நேரத்தை விழுங்குகிறது என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

நன்மையிலிருந்து தொடங்கலாம், அது சிறிதல்ல. ஒரு தலைமுறைக்கு முன்பு, சொந்தப் பாட்டை ஊருக்குக் கேட்கவைக்க வானொலி நிலையத்தின் குரல் தேர்வைக் கடக்க வேண்டும், அல்லது கேசட் கம்பெனியின் தயவு வேண்டும், அல்லது சினிமாவுக்குப் போக வேண்டும். இன்று டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி போன்ற விநியோக நிறுவனங்கள் வழியாக, சில ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு பாட்டை உலகத்தின் எல்லா முக்கியத் தளங்களுக்கும் அனுப்பிவிட முடிகிறது. யாருடைய சிபாரிசும் தேவையில்லை. சாதியும் ஊரும் படிப்பும் பார்த்து உள்ளே விட்ட பழைய வாசல்களை நினைத்தால், இது உண்மையான விடுதலை.

அந்த விடுதலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சென்னையைச் சேர்ந்த ராப் பாடகி சோஃபியா அஷ்ரஃப் சான்று. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரச நச்சைப் பற்றி அவர் பாடிய ‘கொடைக்கானல் வோன்ட்’ 2015 ஜூலையில் யூடியூபில் வெளியாகி உலகெங்கும் பரவியது. 2016 மார்ச்சில் அந்தத் தொழிற்சாலையை நடத்திய நிறுவனம் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாட்டுக்கு வந்தது. ஆனால் இந்தக் கதையை ‘ஒரு காணொளி சாதித்தது’ என்று சுருக்குவது தவறு. தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டதிலிருந்து தொழிலாளர்கள் போராடிவந்தார்கள். அவர்களோடு நின்ற இயக்கத்தினர், பாட்டைக் கேட்டவர்களிடம் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லக் காத்திருந்தார்கள். பாட்டுக்கு முன்பே அதற்கான ஜனம் இருந்தது. வைரல் ஆக விரும்பும் இளைஞர்கள் காணொளியை மட்டும் பார்க்கிறார்கள். பின்னால் இருந்த பதினான்கு ஆண்டுகளைப் பார்ப்பதில்லை.

காசில்லாமல் பாட்டைப் பரப்புவது தமிழுக்குப் புதிதும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் முற்பாதிவரை, சென்னையின் குஜிலிக் கடைத்தெருவை ஒட்டி மலிவான பாட்டுப் புத்தகங்கள் அச்சாகிக் குவிந்தன. கொலை, ரயில் விபத்து, புயல், காந்தி என்று அன்றன்றைய சேதி எல்லாம் பாட்டாகின. சந்தையிலும் முச்சந்தியிலும் நின்று பாடி, கூடிய கூட்டத்திடம் அணாக் கணக்கில் விற்றார்கள். ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ அந்த உலகத்தை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறது. பிறகு கட்சி மேடைகள் வந்தன. இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடி ஊர் ஊராக அறியப்பட்டார். இவர்களிடம் விளம்பரத்துக்கென்று தனிச் செலவு கிடையாது. பாடுவதே விளம்பரம். கேட்பவர் எதிரிலேயே நின்றார். முகம் சுளித்தால் தெரிந்தது, காசு கொடுத்தால் அது நேரே கைக்கு வந்தது. இன்றைய முறையின் குறைகளை அளக்க இது நல்ல அளவுகோல்.

முதல் குறை, விளம்பரம் பாட்டின் உடம்பையே மாற்றிவிடுகிறது. ரீல்ஸுக்கு வேண்டியது முப்பது வினாடி. அதிலும் முதல் மூன்று வினாடியில் கட்டைவிரலை நிறுத்த வேண்டும். அதனால் பல்லவி ஒன்றையே முறுக்கேற்றி, சரணத்தைக் கடமைக்கு எழுதும் வழக்கம் பெருகியிருக்கிறது. தமிழ்ப் பாட்டில் பல்லவி அழைக்கும் இடம். பாடலாசிரியர் பேச வந்ததைப் பேசும் இடம் சரணம். கதை நகர்வதும், உணர்ச்சி திரும்புவதும், எதிர்பாராத சொல் வந்து விழுவதும் அங்கேதான். சரணத்தை யாரும் கேட்கமாட்டார்கள் என்று முடிவுகட்டி எழுதப்படும் பாட்டு, விளம்பரப் படத்துக்கான ஜிங்கிளாகச் சுருங்கிவிடுகிறது. கம்பெனி வற்புறுத்தி நடந்த சமரசத்தை இன்று கலைஞர் தனக்குத் தானே செய்துகொள்கிறார். இந்தக் குறையைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரியதாகக் கருதுகிறேன்.

இரண்டாவது, காசு போகும் வழி. பூஸ்ட் செய்யும்போது எதைக் கேட்கிறோமோ அதைத்தான் தளம் தரும். பார்வை கேட்டால் பார்வையாளரைத் தரும். நான்கு நிமிடம் உட்கார்ந்து கேட்பவரைத் தராது. அதைவிட ஆபத்தானவர்கள், இத்தனை ஆயிரம் ஸ்டிரீம் உத்தரவாதம் என்று தூது அனுப்பும் தரகர்கள். அந்தக் கேட்பு பெரும்பாலும் இயந்திரங்களின் கேட்பு. அப்பட்டமான போலிக் கேட்பு கண்டுபிடிக்கப்பட்டால் பாட்டுக்கு இவ்வளவு என்று விநியோக நிறுவனத்திடம் ஸ்பாட்டிஃபை அபராதம் வாங்குகிறது. அது கலைஞர் தலையில் விழலாம். பாட்டே நீக்கப்படவும் செய்யலாம். ஸ்பாட்டிஃபையின் ‘டிஸ்கவரி மோட்’ என்ற ஏற்பாட்டில் முன்பணம் வேண்டாம். பாட்டைத் தளம் அதிகம் பரிந்துரைக்கும், அதற்கு ஈடாக அந்த வழியில் வரும் ஒலிப்பதிவு வருமானத்தில் 30 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு சிலர் சேரும்வரை அது சலுகை. எல்லோரும் சேர்ந்துவிட்டால் யாருக்கும் முன்னுரிமை இல்லை. எல்லோருக்கும் வருமானம் மட்டும் குறையும்.

மூன்றாவது, சேர்த்த ஜனம் கலைஞருடையதாக இருப்பதில்லை. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கை இந்திய அரசு தடைசெய்தபோது, அதை மட்டுமே நம்பி வளர்ந்த பாடகர்கள் தங்கள் ரசிகர்களை ஒரே இரவில் இழந்தார்கள். யார் கேட்டார்கள், எந்த ஊர், எப்படித் தொடர்புகொள்வது என்ற விவரம் அவர்களிடம் இல்லை, தளத்திடம் இருந்தது. முச்சந்திப் பாடகர் அடுத்த வாரமும் அதே சந்தைக்குப் போனால் அதே முகங்களைப் பார்த்திருப்பார்.

நான்காவது, விளம்பர அவசரத்தில் உரிமைப் பத்திரங்களை மறந்துவிடுகிறார்கள். தானே எழுதி மெட்டமைத்துப் பதிவுசெய்பவருக்கு இரண்டு உடைமைகள் உண்டு: ஒன்று ஒலிப்பதிவு, மற்றொன்று சொல்லும் மெட்டும் சேர்ந்த படைப்பு. விநியோக நிறுவனம் வழியாகப் பொதுவாக வருவது முதலாவதன் பங்குதான். இரண்டாவதற்கு 1969இல் தொடங்கப்பட்ட ஐபிஆர்எஸ் போன்ற உரிமைச் சங்கத்தில் உறுப்பினராகிப் பாடல்களைப் பதிந்துவைக்க வேண்டும். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுக்க முடியாதபடி காப்பாற்றியிருக்கிறது. நீண்ட போராட்டத்தில் கிடைத்த அந்த உரிமையை, ஒரு விண்ணப்பம் நிரப்பச் சோம்பி இழப்பது வருத்தமான விஷயம்.

இவ்வளவும் சொன்னால், ‘நல்ல பாட்டு தானாகப் போய்ச்சேரும், கூவி விற்க வேண்டாம்’ என்று சிலர் முடிப்பார்கள். இதை நான் ஏற்கவில்லை. ஏற்கெனவே பெயர் உள்ளவருக்குத்தான் அடக்கம் செலவில்லாத அணிகலன். முதல் தலைமுறைக் கலைஞர் வாய்திறந்து சொல்லாவிட்டால் அவருக்காகச் சொல்ல வேறு யாரும் இல்லை. கேள்வி, யாரிடம் சொல்வது, எதற்காகச் சொல்வது என்பதுதான்.

என் தீர்ப்பு இது: கையில் பத்தாயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால், அதில் பூஸ்டுக்குப் போவது கடைசிப் பங்காக இருக்க வேண்டும். முதல் பங்கு, சொல் தெளிவாகக் கேட்கும் ஒலிப்பதிவுக்கு. அடுத்தது, இருபது பேர் உட்காரும் இடமானாலும் நேரில் பாடப் போவதற்கான பேருந்துச் செலவுக்கு. தமிழ்நாட்டில் அதற்கு இடம் இல்லாமல் இல்லை. கல்லூரித் தமிழ் மன்றங்கள், கிளை நூலகங்கள், மாவட்டப் புத்தகக் காட்சி மேடைகள், முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கமான த.மு.எ.க.ச. நடத்தும் கலை இலக்கிய இரவுகள் எல்லாம் பாட்டுக்குக் காதுகொடுக்கும் இடங்கள். பாடிமுடித்ததும் பாட்டு வரிகளை அச்சிட்ட சிறு புத்தகம், அதன் பின்னட்டையில் யுபிஐ க்யூஆர், அடுத்த பாட்டு வரும்போது சொல்ல ஒரு வாட்ஸ்அப் பட்டியல். வெளிநாட்டுத் தமிழருக்குப் பேண்ட்கேம்ப் போன்ற தளம் உண்டு. டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொண்டாலும், வாங்குபவர் சம்மதித்தால் அவருடைய மின்னஞ்சல் முகவரி கலைஞருக்குக் கிடைக்கும். அந்தத் தளமும் 2022இலும் 2023இலும் கைமாறியது. ஆகவே முகவரிப் பட்டியலைத் தன் கையில் ஒரு பிரதி வைத்துக்கொள்வது நல்லது. செலவே இல்லாத வேலைகளையும் விடக் கூடாது. வெளியீட்டுக்கு ஏழு நாள் முன்பே ஸ்பாட்டிஃபைக்குப் பாட்டைச் சமர்ப்பித்தால், பின்தொடர்பவர்களின் புதுப்பாடல் பட்டியலில் அது சேரும்.

கணக்கும் இதற்குச் சாதகம். வருடத்துக்கு முந்நூறு ரூபாய் தரும் நூறு பேர் என்றால் முப்பதாயிரம். அடுத்த பாட்டைப் பதிவுசெய்ய அது போதும். அதே தொகையை ஸ்டிரீமில் ஈட்ட லட்சக்கணக்கான கேட்பு வேண்டும்.

இந்த வழியிலும் குறை உண்டு. மேடைதான் கொடுக்கிறோமே என்று பயணக் காசுகூடத் தராத அமைப்பாளர்கள் இருக்கிறார்கள். இரவு நிகழ்ச்சி முடிந்து ஊர் திரும்புவது பெண் கலைஞருக்கு இன்னும் பாதுகாப்பான காரியமாகவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே பாட்டு எழுதுபவரால் எல்லா ஊருக்கும் போக முடியாது. அவர்களுக்கு ரீல்ஸ் தேவைதான். அப்போதும் பாட்டை வெட்டி ரீல்ஸ் ஆக்கலாமே தவிர, ரீல்ஸுக்காகப் பாட்டை வெட்டி எழுதக் கூடாது.

கடைசியாக ஒன்று. இந்தப் பாரம் முழுவதும் பாடலாசிரியர் தலையில் விழுவதற்கு நம் பத்திரிகைகளும் காரணம். நாவலுக்கு மதிப்புரை எழுதுகிறோம், சினிமாப் பாட்டுக்குப் பக்கம் ஒதுக்குகிறோம். தனியாக ஒருவர் வெளியிடும் பாட்டை முழுக்கக் கேட்டு, அதன் சரணத்தை எடைபோட்டு, நன்று என்றோ போதவில்லை என்றோ எழுதுகிறவர் அரிது. விமர்சனம் செய்ய வேண்டிய அறிமுகத்தை விளம்பரம் செய்துகொண்டிருக்கிறது. விமர்சகர் தன் வேலையைச் செய்து, கேட்பவர் தான் ரசித்த பாட்டுக்கு நேராகக் காசு கொடுத்தால், பாடலாசிரியர் தன்னைப் பற்றிப் பேசும் நேரம் குறையும். மிச்சமாகும் நேரத்தில் அடுத்த சரணத்தை எழுதலாம்.