முகத்துக்கு அல்ல, அறைக்கு

ஹாரிஸ் சவைட்ஸ் ஒளிப்பதிவு செய்த படங்களில் நடிகர்களின் கண்கள் பல இடங்களில் இருட்டிலேயே இருக்கும். அவர் முகத்துக்கு லைட் வைப்பதைவிட அறைக்கு வைப்பதையே விரும்பினார். அறைக்குள் நடமாடும் நடிகர் நிழலுக்குள் போனால் போனதுதான். பின்தொடர்ந்து வர விளக்கு கிடையாது. 1957இல் நியூயார்க்கில் பிறந்து 2012இல் மறைந்த இந்த அமெரிக்கரின் பலமும் பலவீனமும் இந்த ஒரே முடிவிலிருந்து கிளைத்தவை.

அவர் வந்த வழியோ இதற்கு நேரெதிரானது. முதலில் ஃபேஷன் புகைப்படம், பிறகு தொண்ணூறுகளின் இசை வீடியோ. இரண்டிலும் முகம்தான் சரக்கு. நான்கு நிமிடத்துக்குள் பாடகர் மனத்தில் பதிந்தாக வேண்டும். அந்த வேலையையும் அவர் திறம்படச் செய்தார். ஆர்.இ.எம். குழுவின் 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்', ஃபியோனா ஆப்பிளின் 'கிரிமினல்' இரண்டும் எம்டிவியின் சிறந்த ஒளிப்பதிவு விருதைப் பெற்றன. இவற்றில் 'கிரிமினல்' சங்கடமான சாதனை. மலிவான ஃப்ளாஷ் போட்டு எடுத்த புகைப்படம் போன்ற கூசும் வெளிச்சம், பார்ப்பவரை ஒளிந்து நோட்டமிடுபவராக்குகிறது. பாடலின் குற்றவுணர்வுக்கு அது பொருந்துகிறது என்பது உண்மை. இருபது வயதையொட்டிய ஒரு பெண்ணின் உடலை அதே வெளிச்சம் காட்சிப்பொருளாக்குகிறது என்பதும் உண்மை. இயக்குநர் மார்க் ரோமனெக்கோடு ஒளிப்பதிவாளருக்கும் அதில் பங்கு உண்டு.

பாட்டுக்குப் பாட்டு புதிய தோற்றம் கேட்ட அந்தத் துறை அவருக்குத் துணிச்சலைக் கொடுத்தது. அந்தத் துணிச்சலைச் சினிமாவில் அவர் அலங்காரத்தைக் குறைப்பதற்குச் செலவிட்டார். கஸ் வான் சான்ட் இயக்கிய 'எலிஃபன்ட்' (2003) பள்ளி ஒன்றில் நடக்கும் துப்பாக்கிச் சூட்டைப் பற்றியது. கான் விழாவில் தங்கப் பனை வென்றது. சதுரத்தை ஒட்டிய ஃப்ரேமில், மாணவர்களின் முதுகுக்குப் பின்னாலேயே கேமரா நீளமாக நடக்கிறது. ஜன்னல் வெளிச்சம் விழுந்த இடத்தில் முகம் தெரிகிறது, மற்ற இடத்தில் இல்லை. 'பர்த்' (2004) படத்திலோ இசையரங்கில் அமர்ந்திருக்கும் நிகோல் கிட்மனின் முகத்தை விட்டு கேமரா நெடுநேரம் அகலுவதில்லை. முகத்தை அவர் வெறுக்கவில்லை; தேவைப்படும் கணம் வரை சேமித்துவைத்தார். டேவிட் ஃபின்சரின் 'ஸோடியாக்' (2007) பெரும்பகுதி வைப்பர் டிஜிட்டல் கேமராவில் எடுக்கப்பட்டது. அதில் ஏரிக்கரைக் கொலை பட்டப்பகலில், எந்த மிரட்டல் நிழலும் இல்லாமல் நடக்கிறது. ஒளிந்துகொள்ள இருட்டே இல்லாததால்தான் அந்தக் காட்சி நடுங்கவைக்கிறது.

குறைகளும் இதே வேரில்தான். எக்ஸ்போஷரைக் குறைத்து எடுத்த காட்சி, நல்ல திரையரங்கில் கருமைக்குள் பல அடுக்குகளைக் காட்டும். மங்கிய திரையிலோ பகல் வெளிச்சம் புகுந்த வரவேற்பறையிலோ எல்லாம் ஒரே சேறாகிவிடும். பார்வையாளரின் வசதிக்கு அந்த அழகியலில் இடமில்லை. அடுத்தது, விலகி நிற்பதற்கும் ஒரு எல்லை உண்டு. 'லாஸ்ட் டேஸ்' (2005) படத்தில் சிதைந்துகொண்டிருக்கும் இசைக்கலைஞனை எட்டவே நின்று பார்க்கிறது கேமரா. முதலில் மரியாதையாகப் படும் அந்தத் தூரம், போகப்போக அக்கறையின்மைபோல் ஆகிறது. 'எலிஃபன்ட்' இன்னும் கடுமையான கேள்வியை எழுப்புகிறது: கொல்பவனையும் கொல்லப்படுபவனையும் ஒரே வழவழப்போடு பின்தொடர்வது நடுநிலையா, பொறுப்பைத் தட்டிக்கழிப்பதா? தீர்ப்பு சொல்லாத ஒளி அங்கே போதவில்லை என்றே எனக்குப் படுகிறது.

ஆஸ்கர் பரிந்துரை ஒருமுறைகூட அவருக்குக் கிடைக்கவில்லை. செய்த வேலை கண்ணில் படக் கூடாது என்று நினைப்பவருக்கு அது எதிர்பாராத விலையல்ல. அதைவிடப் பெரிய இழப்பு, அவரைப் பின்பற்றுகிறவர்கள் இருட்டை மட்டும் எடுத்துக்கொள்வது. சவைட்ஸின் இருட்டுக்குள் எப்போதும் ஒரு ஜன்னலோ மேசை விளக்கோ கணக்கில் இருந்தது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்வையாளரால் சொல்லிவிட முடியும். அந்தக் கணக்கைக் கற்காமல் எக்ஸ்போஷரை மட்டும் குறைப்பவருக்குக் கிடைப்பது தெரியாத படம் மட்டுமே.