சாம்பலும் எலும்பும்: தக்காணப் புதியகற்கால மாட்டுப்பட்டிகள் பற்றிய விளக்கங்கள் — ஒரு மதிப்பீடு

தென்னிந்தியப் புதியகற்காலத்தைப் பற்றிய ஆய்வுகளுள் எஃப். ஆர். ஆல்ச்சின் 1963-இல் வெளியிட்ட, தக்காணச் சாம்பல் மேடுகள் குறித்த நூலுக்குத் தனி இடமுண்டு. பெல்லாரி, ராய்ச்சூர்ப் பகுதிகளில் காணப்படும் இம்மேடுகள் எரிந்த மாட்டுச்சாணத்தால் ஆனவை என்று ராபர்ட் புரூஸ் ஃபூட் முன்னரே கருதினார். சாய்னரின் ஆய்வு அதனை உறுதி செய்தது. ஆல்ச்சின், உத்னூர் அகழாய்வில் வெளிப்பட்ட வேலிக்கம்பக் குழிகளையும் மாட்டுக் குளம்புத் தடங்களையும் கொண்டு, அவை மாடுகளை அடைத்த பட்டிகள் என நிறுவினார். இம்முடிவு இன்றும் அசைக்கப்படவில்லை.

எனினும், அதற்கு அடுத்த படியில் நூலின் வாதம் தளர்கிறது. பட்டிகளில் மீண்டும் மீண்டும் மூட்டப்பட்ட தீயைப் பொங்கல், ஹோலி முதலிய பிற்கால விழாக்களின் தீயோடு ஆல்ச்சின் தொடர்புபடுத்துகிறார். இடைப்பட்ட காலமோ ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகள். ஒப்புமை ஒரு கருதுகோளைத் தரலாம், சான்றாகாது.

சாம்பல், மாடுகள் நின்ற இடத்தைக் காட்டுகிறது. அவை எதற்காக வளர்க்கப்பட்டன, எவ்வாறு மடிந்தன என்பவற்றை எலும்புகளே கூறவல்லன. பல்லின் தேய்மானமும் எலும்பு முனைகளின் இணைவும் விலங்கு இறந்த வயதை உணர்த்தும். இளங்காளைகள் மிகுதியாகக் கொல்லப்பட்டிருப்பின் இறைச்சியும் பாலும் நோக்கங்களாக இருந்திருக்கலாம். முதிர்ந்த எருதுகள் மிகுந்திருப்பின் உழைப்புக்கு அவை பயன்பட்டமை புலப்படும். வெட்டுத்தழும்புகள் உணவுப் பழக்கத்தைக் காட்டும். கே. பத்தய்யா அகழ்ந்த புதிஹாளில் மாட்டுப்பட்டியோடு, மாட்டெலும்புகள் செறிந்த இறைச்சி அறுப்புக் களமும் வெளிப்பட்டது. மாட்டைப் பேணிய அதே சமூகம் மாட்டிறைச்சியை உண்டது என்பதை இக்களம் ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகிறது. மாட்டின் மீதான மதிப்பையும் அதனை உண்பதையும் எதிரெதிராக நிறுத்தும் பிற்காலப் பார்வை இங்குப் பொருந்தாது.

எலும்புச் சான்றுக்கும் வரம்புண்டு. மண்ணைச் சலிக்காத அகழாய்வில் பறவை, மீன், சிறு பாலூட்டி ஆகியவற்றின் எலும்புகள் நழுவிப்போகும்; மாட்டின் பேரெலும்புகளே கைக்குக் கிட்டும். ஒரே மாட்டின் எலும்பு பல துண்டுகளாகச் சிதறியிருப்பின், துண்டுகளை எண்ணுவதால் மாடுகளின் தொகை மிகைப்படும். எனவே விழுக்காடுகளை நேரடியாக உணவுப்பட்டியலாகக் கொள்ளலாகாது. சிறுதானியம், கொள்ளு, பாசிப்பயறு ஆகியவற்றின் கரிந்த விதைகள் இக்காலக் குடியிருப்புகளிலிருந்து பின்னர் கிடைத்துள்ளமையும், 'மாடு வளர்ப்போர்' என்னும் பெயர் முழுமையற்றது என்பதை உணர்த்துகிறது.

தமிழாய்வுக்கு இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஆநிரை கவரும் வெட்சியையும் ஏறுதழுவும் முல்லையையும் இச்சாம்பல் மேடுகளின் நேர்வழித் தொடர்ச்சியாகக் காணும் விருப்பம் இயல்பானதே. ஆயின், அம்மேடுகளை எழுப்பியோர் பேசிய மொழியை எந்த எலும்பும் கூறுவதில்லை. சங்கப் பாடல்களுக்கும் அம்மேடுகளுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உள்ளது. அதனைப் பாட்டால் நிரப்பினால், பாட்டும் தன் காலத்தை இழக்கும். எலும்பும் தன் சாட்சியத்தை இழக்கும். இடைக்காலக் குடியிருப்புகளின் எலும்பெச்சங்களை ஒரே முறையில் பதிவு செய்து ஒப்பிடுவதே அத்தொடர்ச்சியைச் சோதிக்கும் வழி. ஆல்ச்சின் தொடங்கிவைத்த வினாவுக்கு அவருடைய நூலைக் காட்டிலும் உறுதியான விடை அவ்வழியிலேயே கிட்டும்.