முகாம் முடிந்த மறுநாள்

சேத்தியாத்தோப்பு குறுக்குரோட்டில் நின்றால் நான்கு பக்கமும் பேருந்து கிடைக்கும். கிழக்கே புவனகிரி வழியாகச் சிதம்பரம், மேற்கே விருத்தாசலம், வடக்கே வடலூர், தெற்கே காட்டுமன்னார்கோவில். வெள்ளாற்று அணைக்கட்டுத் தண்ணீரையும் எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையையும் சுற்றிப் பிழைப்பு நடக்கும் பகுதி இது. நடவிலும் கரும்பு வெட்டிலும் தேய்ந்த உடம்புக்கு நோய் வரும்போதும், கைகால் முடங்கும்போதும், அரசு ஆஸ்பத்திரிக்கு அடுத்து இத்தகைய ஊர்களை எட்டிப் பார்ப்பவை தொண்டு நிறுவனங்கள். அவை வருகிற வழி பெரும்பாலும் ஒன்றுதான்: முகாம். பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ ஒரு நாள் கூட்டம் கூடும்; பரிசோதனை நடக்கும்; கண்ணாடியோ மாத்திரையோ மூன்று சக்கர வண்டியோ கைக்கு வரும்; சாயங்காலம் பந்தல் பிரிக்கப்படும்.

இந்த வடிவம் எந்தத் துன்பத்துக்குப் பொருந்துகிறது, எதற்குப் பொருந்தவில்லை என்று நிதானமாக எடைபோட வேண்டியிருக்கிறது. கேள்வி நல்லெண்ணத்தைப் பற்றியதன்று. நல்லெண்ணம் சரியான இடத்தில் போய்ச் சேர்கிறதா என்பதே கேள்வி.

முதலில் அதன் பலம். கூலி வேலை செய்பவருக்கு ஆஸ்பத்திரி என்பது கட்டணம் மட்டுமன்று; ஒரு நாள் கூலி, பேருந்துச் செலவு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கூட வருவதற்கு ஓர் ஆள். மகன் திருப்பூரிலும் மகள் கட்டிக்கொடுத்த ஊரிலும் இருக்க, பார்வை மங்கிய பாட்டியைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போவது யார்? கண் முகாம் இந்த முடிச்சை அவிழ்க்கிறது. புரை கண்டவர்களை அன்றைக்கே பேருந்தில் ஏற்றிச் சென்று, சாப்பாடும் படுக்கையும் தந்து, லென்ஸ் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறார்கள். மருத்துவர் கோவிந்தப்பா வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இந்த முறையைச் செப்பம் செய்தது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்த கைகளால் ஆயிரக்கணக்கான கண்களுக்கு அறுவை செய்தவர் அவர். வெளிநாட்டு லென்ஸின் விலை ஏழைக்கு எட்டாதபோது, 1992-இல் ஆரோலேப் என்ற அமைப்பின் வழியாக லென்ஸை மதுரையிலேயே செய்யத் தொடங்கினார்கள். உள்ளூர் அரிமா, ரோட்டரி சங்கங்கள் இடமும் விளம்பரமும் பார்த்துக்கொள்ள, மருத்துவமனை மருத்துவத்தைப் பார்த்துக்கொண்டது.

இது பலித்ததற்கு மூலகாரணம் புரையின் இயல்பு. ஒருமுறை அறுவை, சில வாரம் சொட்டு மருந்து, ஒரு மறுபரிசோதனை; அதோடு துன்பம் ஏறக்குறைய தீர்ந்தது. ஒரு நாள் உதவிக்கு ஏற்ற நோய் அது.

இங்கேயும் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, வர முடிந்தவர்கள் மட்டுமே வருகிறார்கள். முகாம்கள் நடந்துவந்த தமிழகக் கிராமங்களில் வீடு வீடாக விசாரித்து 1999-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, கண் குறை உள்ளவர்களில் சுமார் 7 சதவீதத்தினரே முகாமுக்கு வந்திருந்ததாகக் கண்டது. பயம், துணைக்கு ஆளில்லாமை, வீட்டு வேலை என்று வராதவர்களுக்குப் பல தடைகள். முகாமில் நின்ற வரிசையைப் பார்த்து மகிழ்ந்த கண்களுக்கு, வீட்டுத் திண்ணையிலேயே தங்கிவிட்டவர்கள் தெரியவில்லை. இதைச் சொன்னால் கசக்கும் என்று அரவிந்த் ஒதுக்கிவிடவில்லை. சிற்றூர்களில் நிரந்தரக் கண் மையங்களைத் திறந்து, பயிற்சி பெற்ற பெண்களை அமர்த்தி, தொலைவிலுள்ள மருத்துவரோடு இணையத்தில் இணைத்தது. முகாமை வளர்த்த நிறுவனமே முகாம் போதாது என்று ஒப்புக்கொண்டதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது, கூட்டத்தின் ஆபத்து. 2008 ஜூலையில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் கடுவனூரில் நடந்த இலவசக் கண் முகாமில் தேர்வாகி அறுவை செய்துகொண்டவர்களில் 66 பேர் தொற்றால் பார்வை இழந்தார்கள். எண்ணிக்கை ஏற ஏறக் கவனம் குறைந்தால் என்ன ஆகும் என்பதை நம் பக்கத்து மாவட்டமே பார்த்துவிட்டது. இலவசமாகப் பெறுபவருக்குக் கேள்வி கேட்கும் தைரியம் குறைவு. ஆகவே இலவசமாகத் தருபவருக்குப் பொறுப்பு இருமடங்கு.

புரைக்குப் பலித்த இதே அச்சில் எல்லாத் துன்பத்தையும் வார்க்க முயலும்போதுதான் பெரிய பிழை நேர்கிறது. சக்கர நாற்காலியை எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாற்காலி வழங்குவதை எட்டுப் படிகளாகப் பிரிக்கிறது. ஆளை அளந்து பார்ப்பது, பொருத்திச் சரிசெய்வது, ஓட்டப் பழக்குவது, பிறகு பழுதுபார்ப்பது எல்லாம் அதில் அடங்கும். மேடையில் நடப்பதோ கையில் ஒப்படைப்பது என்ற ஒரே செயல். முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வற்றவரை அளவு பொருந்தாத நாற்காலியில் உட்கார வைத்தால், அழுத்தம் தெரியாமலே புண் வரும். அந்தப் புண்ணே உயிரைக் குடிக்கலாம். வரப்பையும் சகதியையும் தாண்டாத சக்கரம் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து மாட்டுக்கொட்டகையில் ஒதுங்கும். வாங்கியவர் கணக்கில் பயனாளி. வீட்டில் பழையபடி பாயில்.

மனநோய்க்கு இந்த வடிவம் இன்னும் பொருந்தாது. மாத்திரை மாதந்தோறும் வேண்டும். நின்றுபோனால் நோய் திரும்பும். தொடர்ந்து கவனிக்க யாரும் இல்லாத குடும்பங்கள் எங்கே போய் நின்றன என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி சொன்னது. அங்கே ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள்.

பொருந்தாது என்று தெரிந்தும் முகாமையே ஏன் நாடுகிறார்கள்? முகாமை எண்ண முடியும், படம் பிடிக்க முடியும். 2013 கம்பெனிகள் சட்டம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமீட்டும் நிறுவனங்களைச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் ஆண்டு முடிவதற்குள் செலவைக் காட்ட வேண்டிய அவசரத்தில், 50 நாற்காலி என்ற கணக்கு எளிதாக நிற்கிறது. வாரம் ஒருமுறை சைக்கிளில் வந்து ஒரு குழந்தையின் காலை நீவிவிடும் பெண்ணின் சம்பளம் அப்படி நிற்பதில்லை. பொருள் வாங்கித் தர முன்வருபவர்கள் சம்பளம் தரத் தயங்குகிறார்கள். தொண்டில் மிக அருமையானது தேர்ந்த மனிதரின் நேரம். அதற்கே நன்கொடை கிடைப்பது அரிது.

வேறு வழி உண்டு என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. தென்காசி அருகே ஆய்க்குடியில், 1975-இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அதன் பணியாளர்கள் ஊர் ஊராகச் சென்று குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாட்டை இளமையிலேயே கண்டறிந்து, பயிற்சியை வீட்டு வாசலிலேயே தருகிறார்கள். மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் நிறுவிய மனநல அமைப்பான ஸ்கார்ஃப், 2010 முதல் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. அதில் அமர்ந்து சென்னை மருத்துவரோடு திரையில் பேச முடிந்தது. மருந்தையும் அங்கேயே வாங்க முடிந்தது. கேரளத்தின் மலப்புறத்தில் தீராநோயாளிகளைப் பக்கத்து வீட்டுத் தொண்டர்கள் வாரம் சில மணி நேரம் பார்த்துக்கொள்கிறார்கள். செலவு ஊர் மக்களின் சிறு காசில் நடக்கிறது.

இவற்றுக்கும் குறை இல்லாமலில்லை. தொடங்கியவரின் ஆளுமையை நம்பி நிற்பவை பல. வீடு வீடாக நடக்கும் பெண்களின் ஊதியம் குறைவு. ஒரு மாவட்டத்தில் செழித்தது அடுத்த மாவட்டத்தில் வேர் பிடிப்பதில்லை. எல்லா ஊருக்கும் போய்ச் சேரும் கால்கள் அரசுக்குத்தான் உண்டு. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் அந்தத் திசையில் வைத்த அடி. தொண்டு நிறுவனம் அரசின் கடமைக்கு மாற்றாகிவிடக் கூடாது. அரசு நுழையாத சந்தில் நுழைந்து, கண்டதை அரசுக்குச் சொல்வதே அதன் தனிச் சிறப்பு.

முகாமே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அது வசதியுள்ளவரின் வாதம். முகாம் கதவைத் தட்டுகிறது. யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்று ஊருக்குத் தெரியவைக்கிறது. தட்டிய கை மறுநாள் போய்விடுவதே நோவு.

தொடர்ச்சியின் பாடத்துக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இங்கிருந்து பேருந்து ஏறினால் வடலூர். 1867 மே 23 அன்று வள்ளலார் தரும சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலம் கொடுத்தார்கள். பசித்தவர் யாரென்று கேட்காமல் தினமும் சோறு. ஒரு நாளில் எத்தனை இலை விழுந்தது என்ற கணக்கு அதன் பெருமையைச் சொல்லாது. நாளைக்குப் பசித்தாலும் அங்கே சோறு உண்டு என்ற உறுதியே அதன் பெருமை. தானே புயலின்போதும் 2015 வெள்ளத்தின்போதும் இந்த மாவட்டத்துக்கு நிவாரண வண்டிகள் நிறைய வந்து திரும்பின. அடுப்போ இருந்த இடத்திலேயே இருந்தது.

நோய்க்கும் முடக்கத்துக்கும் அப்படியோர் அடுப்பு வேண்டும். அதற்கு முதல் படி பெரிய செலவில்லாதது. இனி ஒரு நிறுவனம் சேத்தியாத்தோப்பில் முகாம் போட இடம் கேட்டால், மண்டபத்தார் ஒரே ஒரு நிபந்தனை வைக்கட்டும்: சுவரொட்டியில் முகாம் தேதிக்குக் கீழே, திரும்ப வரும் தேதியையும் அச்சடித்து ஒட்ட வேண்டும்.