கதவைத் தட்டும் சமூகப் பணியாளர்

'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்ற கருத்து நியூசிலாந்தில் பிறந்தது. அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி இனத்தைச் சேர்ந்த செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் அதை வளர்த்தெடுத்தார். 1992இல் அந்நாட்டுச் செவிலியர் மன்றம் அதைச் செவிலியர் கல்வியில் சேர்த்தது. ராம்ஸ்டன் சொன்னதன் உயிர்நாடி ஒன்றே: கிடைத்த கவனிப்பு பாதுகாப்பானதா என்று சொல்லும் உரிமை, அதைப் பெற்றவருக்கே உண்டு. மருத்துவருக்கோ செவிலியருக்கோ அவர்களின் மேலதிகாரிக்கோ அந்த உரிமை இல்லை. ராம்ஸ்டன் 2003இல் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். செவிலியருக்காக அவர் வகுத்த அளவுகோல் பிறகு சமூகப் பணிக்கும் வந்து சேர்ந்தது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் மாவோரி நோயாளியோடும் அவர் குடும்பத்தோடும் பேசும் சமூகப் பணியாளரை அந்த அளவுகோலால் அளந்தால் எது தேறும், எது தேறாது என்பதே இங்கே கேள்வி.

இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மாவோரிகளுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். அதனால் இறக்கும் வாய்ப்போ ஏறக்குறைய இரு மடங்கு. வரும் வாய்ப்புக்கும் சாகும் வாய்ப்புக்கும் நடுவே உள்ள இந்தப் பெரிய வேறுபாட்டுக்கு மருத்துவமனையும் பொறுப்பா? சாரா ஹில், டயானா சர்ஃபாட்டி முதலானோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 1996 முதல் 2003 வரை பெருங்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களை எடுத்துப் பார்த்தது. மாவோரிகள் குறைந்த காலமே பிழைத்திருந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு உடனிருந்த பிற நோய்கள் காரணம். இன்னொரு மூன்றில் ஒரு பங்குக்குச் சிகிச்சை கைக்கெட்டுவதில் இருந்த ஏற்றத்தாழ்வு காரணம். கீமோதெரபி தேவைப்பட்டவர்களிலும் மாவோரிகளுக்கு அது கிடைத்தது குறைவு, கிடைத்தாலும் தாமதமாகவே தொடங்கியது. இந்த ஆய்வை நான் கனமான சான்றாக எடுத்துக்கொள்கிறேன். சிகிச்சை எட்டுவது என்றால் பயணம், தங்குமிடம், வேலை, பிள்ளைகள், பயம். இவையெல்லாம் சமூகப் பணியாளரின் மேசைக்கு வரும் விஷயங்கள்.

ஆனால் அந்த மேசைக்கு ஒரு பழைய சுமை உண்டு. மாவோரிக் குடும்பங்களின் நினைவில் சமூகப் பணியாளர் என்பவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வருபவர். ஜான் ரங்கிஹாவ் தலைமையிலான குழு 1986இலேயே, அரசின் சமூக நலத்துறைக்குள் நிறுவன ரீதியான இனவெறி இருப்பதாக அறிக்கை கொடுத்தது. 2019இல் ஹேஸ்டிங்ஸ் மருத்துவமனையில் ஓர் இளம் மாவோரித் தாயிடமிருந்து பிறந்த குழந்தையை எடுத்துச்செல்ல அதிகாரிகள் முயன்றது நாட்டையே உலுக்கியது. அரசின் பொறுப்பிலும் தேவாலயங்களின் பொறுப்பிலும் இருந்தவர்கள் பட்ட கொடுமைகளை விசாரித்த அரச ஆணையம் 2024இல் இறுதி அறிக்கை தந்தது. 1950 முதல் 2019 வரை சுமார் 2,00,000 பேர் துன்புறுத்தப்பட்டிருக்கலாம் என்பது அதன் மதிப்பீடு. அவர்களில் மாவோரிகள் மிக அதிகம்.

இப்போது, கீமோதெரபியில் இருக்கும் ஒரு தாயிடம் "வீட்டில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று மருத்துவமனைச் சமூகப் பணியாளர் கேட்கிறார். கேட்பவருக்கு அது உதவியின் முதல் படி. அந்தத் தாய்க்கோ அது தன் பாட்டி காலத்திலிருந்து கேட்டுவரும் கேள்வி. கேட்பவர் வேறு துறை, குழந்தைகள் நலத்துறையைச் சேர்ந்தவரல்ல என்ற விளக்கம் அவள் பயத்தை முழுசாகப் போக்காது. அவள் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்பாள். பெட்ரோலுக்குக் காசில்லை என்பதும், மூத்த மகள் பள்ளிக்கூடம் போகாமல் தம்பிகளைப் பார்த்துக்கொள்கிறாள் என்பதும் கோப்பில் ஏறாது. அடுத்த வாரச் சிகிச்சைக்கு அவள் வராவிட்டால் 'வரவில்லை' என்று மட்டும் எழுதப்படும். பண்பாட்டுப் பாதுகாப்பு பற்றிய பேச்சில் போதுமான அழுத்தம் பெறாத இடம் இது என்பது என் கருத்து. மற்ற குறைகளைப் பயிற்சியால் ஓரளவு சரிசெய்யலாம். இது அந்தத் தொழிலின் வரலாறு.

பயிற்சிகள் தருவது பெரும்பாலும் வழக்கங்களைப் பற்றிய அறிவு. தலை புனிதமானது, கேட்காமல் தொடக்கூடாது. உணவும் உடற்கழிவும் ஒரே மேசைக்கு வரக்கூடாது. அறுத்தெடுத்த திசுவை மண்ணுக்குத் திருப்பித் தர நோயாளி கேட்கலாம். முக்கியமான செய்தியைத் தனியாளிடம் சொல்லாமல் 'ஃபானாவ்' எனப்படும் விரிந்த குடும்பத்தின் முன் சொல்வது நல்லது. பேராசிரியர் மேசன் டூரி உடல், மனம், ஆன்மா, குடும்பம் என்ற நான்கு சுவர்கள் கொண்ட வீடாக உடல்நலத்தைக் காட்டிய மாதிரியும் பாடத்தில் உண்டு. இவற்றை நான் சிறுமைப்படுத்தவில்லை. அறுவைக்குப் பின் தன் உடலின் ஒரு பகுதி எங்கே போனது என்று தெரியாமல் வீடு திரும்புவது மனிதரை உள்ளுக்குள் உடைக்கும் காரியம்.

சிக்கல், இந்த அறிவு பட்டியலாகும்போது தொடங்குகிறது. மாவோரிகளில் பெரும்பாலோர் நகரவாசிகள். பள்ளியில் மாவோரி பேசியதற்கு அடி வாங்கிய தலைமுறையின் பிள்ளைகளாகத் தாய்மொழி இல்லாமலே வளர்ந்தவர்கள் ஏராளம். அப்படி ஒருவரிடம் பட்டியலைப் பார்த்து "மாவோரியில் பிரார்த்தனை சொல்லட்டுமா?" என்று கேட்டால், அவர் தன் இனத்துக்கே தகுதியற்றவர் என்று நோய்ப்படுக்கையில் உணர நேரும். பிறர் வழக்கங்களை மனப்பாடம் செய்வதை ராம்ஸ்டன் கேட்கவில்லை. தன் கையில் இருக்கும் அதிகாரத்தைப் பணியாளர் முதலில் பார்க்க வேண்டும் என்றார். எலனா கர்ட்டிஸும் சக ஆய்வாளர்களும் 2019இல் இதையே விரிவாக எழுதினார்கள்: பண்பாட்டுத் 'திறன்' போதாது, அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் 'பாதுகாப்பு' வேண்டும், அதற்கு நிறுவனமும் பதில் சொல்ல வேண்டும் என்று. என் அளவில் வாதம் இங்கே முடிந்துவிட்டது. நடைமுறைதான் அதை எட்டவில்லை.

எட்டாததற்குப் பயணச் செலவைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. வடகோடி ஊரான கைத்தாயாவிலிருந்து ஆக்லாந்து 300 கிலோமீட்டருக்கும் மேல். வடகோடி நோயாளிகள் பல ஆண்டுகளாகக் கதிர்வீச்சுக்கு அங்கேதான் போய்வந்தார்கள். சிகிச்சை வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்கள். தேசியப் பயண உதவித் திட்டம் கிலோமீட்டருக்கு 28 சென்ட் கொடுத்தது. 2009இல் வைத்த அந்தத் தொகை 2024 ஏப்ரலில்தான் 34 சென்ட் ஆனது. இடையில் பெட்ரோல் விலை காத்திருக்கவில்லை. பணத்தை முதலில் கையிலிருந்து போட்டுவிட்டுப் பிறகு கேட்டு வாங்க வேண்டும்; தூரம், தடவை, வருமான அட்டை என்று தகுதி விதிகள் உண்டு. வயதுவந்த நோயாளிக்குத் துணைக்கு ஆள் வர வேண்டுமானால் மருத்துவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருபுறம் குடும்பமே நோயாளியின் சுவர் என்று பாடம். மறுபுறம் ஒருவர் வரலாமா என்று கேட்கும் படிவம். இந்தப் படிவத்தை எவ்வளவு கனிவாக நிரப்பித் தந்தாலும் ராம்ஸ்டனின் அளவுகோலில் அது தேறாது.

எதிர்வாதங்களில் இரண்டு கனமானவை. பண்பாட்டுப் பாதுகாப்புப் பயிற்சியால் நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்பதற்கான நேரடிச் சான்று மெலிது என்பது முதலாவது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சான்று மெலிந்திருப்பது பயிற்சிக்குத்தான். சிகிச்சை எட்டாததால் உயிர் போகிறது என்பதற்கான சான்று வலுவாகவே இருக்கிறது. எனவே முயற்சியைப் பயிற்சி வகுப்பிலிருந்து பயணம், நேரம், துணை ஆகியவற்றுக்கு நகர்த்த வேண்டும் என்றுதான் இந்த வாதம் காட்டுகிறது. இரண்டாவது, உதவி தேவையைப் பார்த்துப் போகட்டும், இனத்தைப் பார்த்து வேண்டாம் என்பது. 2022இல் தொடங்கிய மாவோரி சுகாதார ஆணையத்தை 2024இல் மூடிய அரசின் நிலைப்பாடும் இதுவே. கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் ஒரே தேவையுள்ள இருவரில் ஒருவருக்குக் கீமோதெரபி குறைவாகவும் தாமதமாகவும் போனது என்று ஆய்வு காட்டும்போது, தேவையை மட்டும் பார்க்கும் கண் அந்த வித்தியாசத்தைக் காணாது. அதைக் கணக்கெடுக்கவே இனத்தைப் பதிவுசெய்தாக வேண்டும்.

ஆகவே கோட்பாட்டை நான் முழுமனதோடு ஏற்கிறேன். வழக்கங்களின் பட்டியலாக அது சுருங்கியிருக்கும் வடிவத்தைப் போதாதென்று தள்ளுகிறேன். மாவோரிப் பணியாளர்களை நியமித்தால் போதும் என்ற பதிலையும் அரைப் பதிலாகவே எடுத்துக்கொள்வேன். அவர்கள் வேண்டும், இன்னும் பலர் வேண்டும். ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாமல் வார்டுக்கு ஒருவரை நிறுத்தி, மற்ற எல்லாருடைய பொறுப்பையும் அவர் தோளில் ஏற்றுவது அவருக்கும் பாதுகாப்பில்லை.

புற்றுநோய்ப் பிரிவின் சமூகப் பணியாளர் பயணப் பணத்தை முன்கூட்டியே தரவும், துணை வருபவர்களைத் தானே அனுமதிக்கவும், ஊருக்குப் போகும் பேருந்து நேரத்துக்கு ஏற்பச் சிகிச்சை நேரத்தை மாற்றச் சொல்லவும் அதிகாரம் பெற வேண்டும். குடும்பத்தைப் பற்றி அவர் எழுதும் குறிப்பை அந்தக் குடும்பம் முதலில் படிக்க வேண்டும். எந்தச் சூழ்நிலையில் அது குழந்தைகள் நலத்துறைக்குப் போகும் என்பதை முதல் சந்திப்பிலேயே ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆண்டு மதிப்பீட்டில் எத்தனை பணியாளர்கள் பயிற்சி முடித்தார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, சிகிச்சையைப் பாதியில் விட்ட மாவோரி நோயாளிகளையும் இறந்தவர்களின் குடும்பங்களையும் தேடிப் போய்க் கேட்க வேண்டும். அவர்கள் சொல்லும் பதில் நிறுவனத்துக்குக் கசந்தாலும் அதுவே அறிக்கையின் முதல் பக்கத்தில் வர வேண்டும்.