மீட்டவர்க்கு இடும் மாலை

ஆண்டுதோறும் அமெரிக்க வெளியுறவு அமைச்சகம் உலக நாடுகளில் நடைபெறும் மனிதக் கடத்தலைப் பற்றிய தன் அறிக்கையை வெளியிடும்போது, அக்கொடுமையை எதிர்த்துப் போராடியவர்களுள் ஒரு சிலரைப் பல தேசங்களிலிருந்தும் தேர்ந்தெடுத்து, வாஷிங்டன் நகருக்கு வரவழைத்து, மேடையேற்றி, வீரர்கள் என்று கௌரவிக்கும் வழக்கம் 2004-ஆம் ஆண்டில் தொடங்கியது. கன்னியாஸ்திரீகள், வழக்கறிஞர்கள், போலீஸ் உத்தியோகஸ்தர்கள், தாமே ஒரு காலத்தில் விலைபோய் மீண்டவர்கள் என அம்மேடை கண்டவர் பலதிறத்தினர். நம் தேசத்திலும் இத்துறையில் உழைத்தவர்களுக்குப் புகழ் வராமலில்லை; குழந்தைகளைக் கொத்தடிமையிலிருந்து மீட்ட கைலாஷ் சத்யார்த்திக்கு 2014-இல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது; ஹைதராபாத்தில் பிரஜ்வலா ஸ்தாபனத்தை நடத்திவரும் சுனிதா கிருஷ்ணன் 2016-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இவ்வளவு மாலைகள் விழுந்தும் ஆள் விற்பனை ஓயவில்லையே என்று விருதைக் குறைகூறுவது நியாயமாகாது. விருது தொழிலை ஒழிக்கும் என்று யாரும் வாக்களித்ததில்லை. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தக் கௌரவம் யாருக்குப் போய்ச் சேருகிறது, அதனால் மீட்கப்பட்டவருக்கு என்ன நேருகிறது என்பதே அது.

முதலில் அதன் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் மோரித்தானியா என்றொரு தேசம் இருக்கிறது. பரம்பரை அடிமைத்தனத்தை அது சட்டப்படி நீக்கியதாக அறிவித்ததே 1981-இல்தான். அடிமை வைத்திருப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்க 2007 வரை அதற்கு மனம் வரவில்லை. அங்கே அடிமைகளாக இருந்த ஹராத்தீன் மக்களுள் தோன்றிய பிராம் டா அபெய்த், எஜமானர்களின் பெயரை வெளிப்படையாகச் சொல்லி வழக்குத் தொடுக்கும்படி சர்க்காரை நெருக்கியதற்காகப் பலமுறை சிறை சென்றவர். 2013-இல் ஐக்கிய நாடுகள் சபை அவருக்கு மனித உரிமைப் பரிசு அளித்தது. அடுத்த ஆண்டே, நிலத்தோடு பிணைக்கப்பட்ட அடிமைகளுக்காக அவரும் அவருடைய தோழர் பிராகிம் பிலால் ரம்தானும் கிளர்ச்சி நடத்தியபோது இருவரும் கைதாகி, இரண்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்கள். 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் வெளிவந்த அவ்விருவரையும், அடுத்த மாதமே வாஷிங்டன் தன் மேடைக்கு அழைத்தது.

இங்கே விருது செய்த காரியம் அலங்காரமல்ல. தன் ஊரில் கலகக்காரன் என்று எழுதிவைக்கப்பட்ட ஒருவனை வேறொரு தேசம் பகிரங்கமாகப் பாராட்டும்போது, அவனை இரவோடிரவாக மறையச் செய்வது ஆட்சியாளருக்கு முன்போல எளிதாக இராது. கவசம் என்றே அதைக் கூறலாம். ஆனால் எங்கும் ஊடுருவ இயலாத கவசம் என்று எண்ணிவிடக்கூடாது. 2018 ஆகஸ்டில் பிராம் மீண்டும் சிறைப்பட்டார். சிறையிலிருந்தபடியே பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்நியனின் கைக்கூலி என்று அவரைத் தூற்றுவதற்கும் அதே விருது எதிரிகளுக்கு வசதி செய்து கொடுத்திருக்கக்கூடும். எனினும் இரண்டையும் தராசிலிட்டால், அபாயத்தின் நடுவில் நிற்பவனுக்கு, அவன் நிற்கும்போதே கிடைக்கும் கௌரவம் பயனுடையது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இனி, கௌரவிக்கும் கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிற தேசங்களையெல்லாம் படித்தரங்களாகப் பிரித்து வரிசையிடும் அந்த அமெரிக்க அறிக்கை 2001-இல் தொடங்கியது. தன்னையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்ள அமெரிக்காவுக்கு 2010 வரை காலம் பிடித்தது. சேர்த்துக்கொண்டபோது தனக்கு முதல் தரத்தையே அளித்துக்கொண்டது என்பதைச் சொல்லாமலே வாசகர் ஊகித்திருப்பார். 2015-இல் மலேசியாவின் எல்லைக் காடுகளில் கடத்தல்காரர் முகாம்களும் புதைகுழிகளும் கண்டெடுக்கப்பட்ட சில வாரங்களுக்குள், அத்தேசம் கடைசித் தரத்திலிருந்து மேலே உயர்த்தப்பட்டது. வர்த்தக உடன்படிக்கைக்காக நடந்த உபகாரம் இது என்று அப்போது பலரும் பேசினார்கள். வரிசையிடும் கையும் மாலையிடும் கையும் ஒன்றே ஆகையால், முன்னதன் களங்கம் பின்னதன்மேலும் சிறிது படியத்தான் செய்யும். ஆயினும் மாலை பெறுபவரின் உழைப்பு அதனால் குறைவுபடாது. ஆதலால் இக்குறையை நான் பெரிதாக்கப் போவதில்லை.

பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. விருது கொடுப்போர் கேட்பது கதை. கடத்தலை எதிர்க்கும் வேலையோ கதைக்கு அடங்காத வேலை; பல ஆண்டுகள், பலருடைய கைகள், பாதி வெற்றி, பாதி தோல்வி என்று இழுபட்டுச் செல்வது. மண்டபத்தில் கூடியிருப்போருக்கு அரைமணி நேரத்தில் கண்ணீர் வரவேண்டுமானால் ஒரே ஒரு முகம் வேண்டும்; அந்த முகத்துக்குப் பின்னால் ஒரு கொடிய பால்யம் வேண்டும். இந்த ஆவல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கம்போடியாவின் சோமாலி மாம் விஷயம் ஒரு பாடம்.

அநாதையாகப் பிறந்து, சிறுமியாகவே விற்கப்பட்டு, விபசார விடுதியில் அடைபட்டுத் தப்பியவர் என்று தம்மைப் பற்றிக் கூறிக்கொண்ட அந்த அம்மையார், 1990-களில் நாம்பென்னில் ஒரு காப்பகம் தொடங்கி நடத்தினார். 1998-இல் ஸ்பெயின் தேசத்து அஸ்தூரியாஸ் இளவரசர் விருது வேறு சில பெண்மணிகளோடு அவருக்கும் கிடைத்தது. 2006-இல் இத்தாலியின் தூரின் நகரில் குளிர்கால ஒலிம்பிக் விழா தொடங்கியபோது கொடியைத் தாங்கிச் சென்ற எட்டுப் பெண்களுள் நடிகை சோபியா லாரெனோடும் சூழலியலாளர் வங்காரி மாத்தாயோடும் இவரும் ஒருவர். 2009-இல் டைம் பத்திரிகை உலகின் செல்வாக்குமிக்க நூறு பேருள் இவரைச் சேர்த்தது. பிறகு, 2014 மே மாதத்தில், கம்போடியாவில் இருந்து எழுதிவந்த சைமன் மார்க்ஸ் என்னும் பத்திரிகையாளர், அவருடைய கிராமத்து ஜனங்களையும் பள்ளித் தோழர்களையும் விசாரித்து, அவர் பெற்றோருடன் அவ்வூரிலேயே வளர்ந்தவர் என்று அவர்கள் கூறியதை நியூஸ்வீக் பத்திரிகையில் வெளியிட்டார். 1998-இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் தன் துயரத்தைச் சொல்லி அழுத ஒரு சிறுமி, அது தனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட கதை என்று ஒப்புக்கொண்டதும் அதில் இருந்தது. சில நாட்களில் தம் பெயரால் அமைந்த அறநிலையத்திலிருந்து அம்மையார் விலகினார். அவ்வாண்டு அக்டோபரில் அந்நிலையம் மூடப்பட்டது. குற்றச்சாட்டுகளை அவர் பின்னர் மறுத்தார்.

அந்த அம்மையார் மெய் கூறினாரா பொய் கூறினாரா என்பதைத் தீர்ப்பது என் வேலையல்ல. நான் கவனிப்பது அவருக்கு மாலையிட்டவர்களை. ஒரு விருதுக் குழு விசாரித்திருக்கும் என்று அடுத்த குழு நம்பியது. அடுத்த குழுவின் நம்பிக்கையே அதற்கடுத்த குழுவுக்குச் சாட்சியாயிற்று. கிராமத்துக்குப் போய் நாலு பேரைக் கேட்கும் சிரமத்தை ஒரு பத்திரிகையாளர் மேற்கொள்ளும்வரை, பதினைந்தாண்டுகளுக்கு மேலாக எவருக்கும் அது தோன்றவில்லை. இதில் இன்னும் கொடுமையானது, காப்பகத்துச் சிறுமி ஒருத்தி தொலைக்காட்சிக் காமிராவின் முன்னே நிறுத்தப்பட்டதாகும். அவள் சொன்னது கற்பிக்கப்பட்டதாக இல்லாமல் மெய்யாகவே இருந்திருந்தாலும், அதைக் கேட்பவர் மனம் உருகும்படி மீண்டும் மீண்டும் சொல்லச் செய்வது, அவளை இன்னொரு வகையில் விலைப்படுத்துவதே அன்றோ? மாலை கழுத்தில் விழுவது மீட்டவருக்கு. அதற்கு மூலதனமாவது மீட்கப்பட்டவளின் அவமானம்.

கதைக்கு அகப்படாத உழைப்பாளிகள் விடுபட்டுப்போவது இதன் மறுபக்கம். தாய்லாந்தின் தெற்கே சொங்க்லா மாகாணத்துக் காட்டில் ரோஹிங்கியா அகதிகளின் புதைகுழிகள் 2015 மே மாதம் வெளிப்பட்டபோது, அவ்வழக்கைத் துப்புத் துலக்கும் பொறுப்பு பவீன் பொங்சிரின் என்னும் போலீஸ் உயரதிகாரிக்கு வந்தது. குற்றவாளிகளின் பட்டியல் ராணுவத் தளபதி ஒருவர்வரை நீண்டது. பட்டியல் நீண்ட வேகத்திலேயே அதிகாரிக்கு மாற்றல் உத்தரவும் வந்தது, கடத்தல்காரர் செல்வாக்குள்ள அதே தென் எல்லைக்கு. உயிருக்கு அஞ்சிய அவர் பதவியைத் துறந்து, அவ்வாண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியாவுக்கு ஓடி அடைக்கலம் கேட்டார். 2017 ஜூலையில் பாங்காக் நீதிமன்றம் 62 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்து, அத்தளபதிக்கு 27 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தபோது, ஆதாரங்களைத் தேடித் தொகுத்தவர் தாய்நாட்டில் இல்லை. தளபதியைச் சிறைக்கு அனுப்பியவை அவர் சேகரித்த வங்கிக் கணக்குகளும் வாக்குமூலங்களும். அவற்றை மேடையில் காட்டிக் கண்ணீர் வரவழைக்க யாராலும் இயலாது.

இது புதிய அநியாயமுமல்ல. அட்லாண்டிக் கடலைத் தாண்டி நடந்த அடிமை வியாபாரத்தை 1807-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் தடைசெய்ததென்றால், உடனே நம் நினைவுக்கு வருவது அங்கே அதற்காகப் பேசிய வில்பர்போர்ஸின் பெயர். 1833-இல் அவர் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் ராஜமரியாதையோடு அடக்கம் செய்தார்கள். துறைமுகம் துறைமுகமாகக் குதிரைமீது அலைந்து, மாலுமிகளைத் தனித்தனியே சந்தித்து, விலங்குகளையும் சித்திரவதைக் கருவிகளையும் விலைகொடுத்து வாங்கிவந்து, அவருடைய பிரசங்கத்துக்கு வேண்டிய சான்றுகளைத் திரட்டிக்கொடுத்த தாமஸ் கிளார்க்சனுக்கு அதே தேவாலயத்தில் ஒரு நினைவுக்கல் பதித்தது 1996-இல். அவர் காலமாகி அப்போது 150 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம் தமிழ்நாட்டிலும் இவ்வகை உதாரணம் ஒன்றுண்டு. ஆனால் அது ஓரளவு ஆறுதல் தருவது. பெண்குழந்தைகளை விலைக்கு வாங்கிப் பொட்டுக்கட்டித் தேவதாசிகளாக்கும் வழக்கத்தை எதிர்த்த இருவரை எடுத்துக்கொள்வோம். சட்டசபையில் வாதாடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கு 1956-இல் பத்மபூஷண் வந்தது. வறுமையினால் சிறுவயதிலேயே விற்கப்பட்டு, அந்தக் குலத்துக்குள்ளிருந்தே கலகம் செய்து, ஊர் ஊராகப் பேசித் திரிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1962-இல் மறைந்தார். அவர் பெயரால் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் ஏற்பட்டது 1989-இல்தான். தாமதமே; எனினும் வகை நல்ல வகை. 2022-இல் அத்திட்டம் உயர்கல்வித் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கிவருகிறது. கேடயமாகவோ பட்டயமாகவோ அலமாரியில் தூங்காமல், விற்கப்படக்கூடிய வயதிலுள்ள பெண்களின் கைக்கே போய்ச் சேரும் கௌரவம் இது. ‘புதுமைப் பெண்’ என்ற அழைப்புப் பெயர் பரவியபின், பணம் பெறும் மாணவிகளுள் எத்தனை பேருக்கு இராமாமிர்தத்தின் பெயர் தெரியும் என்பது மட்டுமே சற்று உறுத்தும் விஷயம்.

இன்று இந்நாட்டில் விடுதலை என்பது எப்படி நடைபெறுகிறது என்று ஒரு செங்கல் சூளையின் அருகில் போய்ப் பார்த்தால், நான் சொல்லவருவது விளங்கும். இருளர் குடும்பங்கள் சில, மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணத்துக்காகக் கல் அறுத்துக்கொண்டிருக்கின்றன. கோட்டாட்சியர் ஜீப்பில் வந்து இறங்குகிறார். வட்டாட்சியரும் கிராம நிர்வாக அலுவலரும் உடன் வருகிறார்கள். சூளைக்காரரை அப்பால் போகச் சொல்லிவிட்டு ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும்: முன்பணம் எவ்வளவு, வாரக்கூலி எவ்வளவு, அதில் பிடித்தம் எவ்வளவு, உறவினர் சாவுக்காவது போய்வர விட்டார்களா, கணக்கு எப்போது தீரும் என்று சொன்னார்களா. அச்சத்தினால் முதலில், “ஒரு குறையுமில்லீங்கய்யா” என்றே பதில் வரும். பொறுமையாக இரண்டாம் முறை கேட்கும் அதிகாரிக்கே உண்மை கிடைக்கும். பிறகு விடுதலைச் சான்றிதழ். 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமைக் கடன் அறவே செல்லாது. ஆயினும், ‘நீ கொத்தடிமையாக இருந்தாய், இன்றுமுதல் விடுபட்டாய்’ என்று கூறும் அந்த ஒற்றைத் தாள் இல்லாவிட்டால், உடனடி உதவியான 30,000 ரூபாய் வரையுள்ள தொகையைக் கேட்பதற்குக் கையில் ஆதாரமில்லை. 2016-ஆம் ஆண்டின் மறுவாழ்வுத் திட்டப்படி ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடிய நிலையிலிருந்து மீண்டவர்களுக்கு 3 லட்சம் என்று வகுத்திருக்கும் பெருந்தொகையோ வழக்கின் முடிவோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. வழக்கு நகராதவரையில் பணமும் நகராது. பணம் வராத குடும்பம் அடுத்த பருவத்தில் இன்னொரு சூளையில் முன்பணம் வாங்குவது நமக்கு ஆச்சரியமாக இருக்கக்கூடாது.

இந்த நீண்ட வழியில் எந்த இடத்தில் மாலை போடுவது? மீட்ட நாளன்று எடுத்த புகைப்படத்துக்கு என்பதே இப்போதைய வழக்கம். என் அபிப்பிராயத்தில் அது மிகவும் முற்பட்ட காலம். மீட்கப்பட்ட குடும்பம் மூன்றாண்டுகள் கழித்து எங்கே இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் மீட்டவரின் பெருமையை அளக்க வேண்டும். சிறையின் நிழலில் நிற்கும் பிராம் போன்றவர்களுக்கு மட்டும் இந்தத் தாமதம் கூடாது. அவர்களுக்கு உடனே கொடுப்பதில்தான் பயனிருக்கிறது. மற்றவர்களுடைய விஷயத்தில் அவசரம், பெறுபவரைவிடக் கொடுப்பவருக்கே ஊதியம்.

1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நினைவாக ஒவ்வொரு பிப்ரவரி 9-ஆம் தேதியும் கொத்தடிமை ஒழிப்பு நாள் அனுசரிக்கப்படுகிறது. அரசு அலுவலகங்களில் உறுதிமொழி எடுத்துக்கொள்கிறார்கள். அன்றைக்கு உறுதிமொழியை வாசித்து முடித்தபின் மாவட்ட ஆட்சியர் இன்னும் மூன்று எண்களையும் வாசிக்கலாம்: சென்ற ஆண்டில் வழங்கிய விடுதலைச் சான்றிதழ் எத்தனை, முழு மறுவாழ்வுத் தொகை பெற்றவர் எத்தனை பேர், தீர்ப்பான வழக்கு எத்தனை. அந்த எண்கள் உயர்வதற்குக் காரணமான எழுத்தர், வருவாய் ஆய்வாளர், தொண்டர், சாட்சி சொன்ன தொழிலாளி ஆகியோரை, அவரவர் சம்மதம் பெற்று, அந்தக் கூட்டத்திலேயே எழுந்து நிற்கச் சொல்லட்டும். இதற்குப் புதிய சட்டமோ நிதி ஒதுக்கீடோ வேண்டியதில்லை. வரும் பிப்ரவரியிலேயே ஒரு மாவட்டம் தொடங்கி வைக்கலாம்.